கேள்வி – பதில்: குடமுழுக்கு முடிந்த மறுநாள்

(பழைய கட்டடங்கள், கோயில்கள், கண்மாய்கள், காடுகள் ஆகியவற்றுக்கு வரும் அரசுப் பணம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, பழங்காலக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணியில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வுபெற்ற பெண் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊரில் சோழர் காலச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. சுவரெல்லாம் கல்வெட்டு. விமானத்தில் அரச மரம் முளைத்துவிட்டது. வெளியூரில் இருக்கும் உபயதாரர் ஒருவர் எட்டு லட்சம் தருவதாகச் சொல்கிறார். ஆனால் கருவறைக்கு டைல்ஸ் போட வேண்டும், சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்கிறார். அரசாங்கம் பணம் தருமா? அவர் சொல்வதைச் செய்யலாமா?
— கும்பகோணம் அருகிலிருந்து ஒரு வாசகர்

முதலில் உபயதாரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எட்டு லட்சத்தைக் கொடுக்க மனம் வந்ததே பெரிய விஷயம். அப்புறம், டைல்ஸும் பெயிண்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்லுங்கள். கருங்கல் தரை ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். மேலே டைல்ஸை ஒட்டிவிட்டால் அந்த ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். நான்கைந்து வருடத்தில் அதிட்டானம் என்கிற அடித்தளத்துக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். அந்த வரிசையில்தான் உங்கள் கல்வெட்டு இருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சியடிக்கும் மெஷினைக் கொண்டுவருபவர்களையும் உள்ளே விடாதீர்கள். அதற்குத் தடை இருக்கிறது. எழுத்தின் ஓரம் ஒருமுறை மழுங்கினால் போனது போனதுதான்.

அடுத்தது, கோயில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் ஒரு செங்கல்லைக்கூட நீங்கள் மாற்ற முடியாது. சுற்றி 100 மீட்டருக்குப் புதுக்கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருந்தால் 1966ஆம் வருடத்துச் சட்டம் பொருந்தும். பெரும்பாலான ஊர்க் கோயில்கள் இந்த இரண்டிலும் இருக்காது, அறநிலையத்துறையின் கீழ்தான் இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது.

அங்கே பணத்துக்கு வழிகள் உண்டு. 2022-23 நிதிநிலை அறிக்கையில் ஆயிரம் வருடம் பழமையான கோயில்களின் திருப்பணிக்கென்று அரசு 100 கோடி ஒதுக்கியது. அடுத்தடுத்த வருடங்களிலும் ஒதுக்கீடு தொடர்ந்தது. அதுபோக, வசதியுள்ள கோயில்களின் உபரிப் பணத்திலிருந்து சேரும் பொது நல நிதி இருக்கிறது. கிராமக் கோயில்களுக்கென்று தனி உதவி ஒன்றும் இருக்கிறது. இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள், உதவி ஆணையர் அலுவலகத்தில் இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்கூட்டம் போட்டு மனு எழுதி, நான்கு பக்கமும் எடுத்த போட்டோவோடு கொடுங்கள். எஸ்டிமேட் போடுவார்கள், மண்டல வல்லுநர் குழு வரும், பிறகு மாநில வல்லுநர் குழு பார்க்கும். மாதக்கணக்கில் இழுக்கும். அந்த இழுப்பில் எரிச்சல்படாதீர்கள். டைல்ஸைத் தடுக்கிற ஒரே வேலி அந்தக் குழுதான்.

இனி நான் சொல்ல நினைப்பதைச் சொல்கிறேன். உங்கள் விமானத்தில் இருக்கும் அரசங்கன்று எப்படி வந்தது? காக்கை பழம் தின்று எச்சமிட்டது. முதல் வருடம் இரண்டு இலை. அன்றைக்கு ஓர் ஆள் கயிற்றைக் கட்டி ஏறி, விரலால் பிடுங்கியிருந்தால் முடிந்திருக்கும். ஏன் யாரும் ஏறவில்லை? ஏறுகிற ஆளுக்குக் கொடுக்க வேண்டிய கூலி எந்தக் கணக்கிலும் இல்லை.

நான் வேலை பார்த்த பழைய கட்டடம் ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஊரைச் சொல்ல வேண்டாம். இரண்டு வருடம் வேலை செய்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துப் பூசிக் கொடுத்தோம். திறப்பு விழா நடந்தது. மூன்றாவது வருடம் போய்ப் பார்த்தபோது கைப்பிடிச் சுவரின் மூலையில் என் சுண்டுவிரல் கனத்தில் ஒரு கன்று. பிடுங்கி, வேரில் பெருங்காயக் கரைசல் ஊற்ற ஓர் ஆளும் அரை நாளும் போதும். கடிதம் எழுதினேன். இதற்கு ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில். ஐந்தாவது வருடம் வேர் செங்கல் மூட்டைப் பிளந்து, அந்த மூலையே வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. இப்போது பழுதுபார்க்க லட்சக்கணக்கில் எஸ்டிமேட் போட்டார்கள், அதற்கு ஒதுக்கீடும் வந்தது! அரை நாள் கூலிக்கு இல்லாத பணம் லட்சத்துக்கு எப்படி வந்தது? நம் நிதி ஒதுக்கீட்டின் அடிப்படைக் கோளாறு அதுதான். இடிந்ததைத் தூக்கி நிறுத்தப் பணம் உண்டு, இடியாமல் பார்த்துக்கொள்ள இல்லை.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய ராஜராஜன் நெய் வாங்கக் காசு கொடுத்துவிட்டுப் போகவில்லை. விளக்குக்கு 96 ஆடு என்று இடையர்களிடம் ஒப்படைத்து, நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கச் சொன்னான். ஆடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை 96 குறையக்கூடாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் சொல்வது இதைத்தான். முதல் அப்படியே நிற்கும், வரவில் காரியம் நடக்கும்.

இன்றைக்கும் அறநிலையத்துறையில் இதன் வாரிசு ஒன்று இருக்கிறது. வருமானமில்லாத கோயில்களுக்கான ஒருகால பூஜைத் திட்டம். கோயில் பெயரில் ஒரு தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியில் தினம் ஒருவேளை பூஜை. 2022இல் அந்தத் தொகையை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். 12,959 கோயில்களுக்காக அரசு கொடுத்தது கிட்டத்தட்ட 130 கோடி. சாமிக்குச் செய்த இந்த ஏற்பாட்டைச் சாமி இருக்கும் கட்டடத்துக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் உபயதாரரிடம் இப்படிக் கேளுங்கள். ஆறு லட்சம் திருப்பணிக்கு, இரண்டு லட்சம் துறையின் அனுமதியோடு கோயில் பெயரில் பராமரிப்பு வைப்பு நிதி. ஆறரை சதவீதம் வட்டி கிடைத்தால் வருடத்துக்கு 13,000 ரூபாய். ஆடி மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை ஆள் ஏறிச் செடி பிடுங்கவும், மழைநீர் போகும் தூம்பைக் குத்திவிடவும், விரிந்த மூட்டில் சுண்ணாம்பு வைக்கவும் அது தாராளம். அவர் பெயரைக் கல்லில் வெட்டுவதானால், இந்த இரண்டு லட்சத்தையும் அதன் நோக்கத்தையும் சேர்த்து வெட்டுங்கள்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு, நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பழுதுபார்க்க அரசு மானியம் உண்டா?
— ஒரு வாசகி

நேரடியாகக் கேட்டதால் நேரடியாகச் சொல்கிறேன் அம்மா. சொந்த வீட்டைப் பழுதுபார்க்க நேரே கையில் கிடைக்கும் மானியம் என்று நம்பிப் போகும்படி ஒன்றும் என் அனுபவத்தில் இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் பெருமை வந்தது, கூரை ஓடு மாற்றக் காசு வரவில்லை.

அந்த வீடுகள் விழுவதற்குக் காரணம் பணக்குறை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். ஓடு மாற்ற இருபதாயிரம் ஆகும் என்றால் யார் முதலில் கொடுப்பது என்பதில் இரண்டு மழை போய்விடும். கடைசியில் பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் பழைய பொருள் கடையில் வந்து நிற்கும். பங்காளிகள் எல்லோரும் கூடும் படைப்பு நாளில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தலைக்கட்டுக்கு மாதம் ஐந்நூறு. இப்போதைக்குக் கைவசம் உள்ள வழி இதுதான்.

கேள்வி: அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்களே, அதுபோல எங்கள் ஊர் மலையையும் கோயில்காட்டையும் அறிவிக்கக் கேட்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பட்டா நிலம் போய்விடுமா? ஆடு மேய்க்கத் தடை வருமா? பணம் எதாவது வருமா?
— மேலூர் வட்டாரத்திலிருந்து ஒருவர்

பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் வேலி வந்த ஊர்கள் உண்டு. ஆனால் இந்தச் சட்டம் வேறு. 2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்போடு கலந்து பேசித்தான் மாநில அரசு ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம் என்கிறது. நிலத்தின் உரிமை கை மாறாது. வனவிலங்குச் சட்டத்தில் சரணாலயம் அறிவிப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அது. மேய்ச்சல், சாமி கும்பிடுதல், விறகு பொறுக்குதல் என்று நடந்து வருவதில் எதைக் கட்டுப்படுத்துவது என்பதை ஊரே கூடி முடிவுசெய்ய இடம் இருக்கிறது.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் முதல் தலம் அதுதான். ஏழு குன்று, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், சமணப் படுக்கை, தமிழி எழுத்து, வட்டெழுத்து, சுமார் 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு உட்பட. நிலத்தையும் வரலாற்றையும் ஒரே கோட்டுக்குள் வைத்துப் பாதுகாப்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தப் பாறையில் மழைநீர் வழிந்து சுனைக்கும், சுனையிலிருந்து கண்மாய்க்கும் இறங்குவதை ஒருமுறை மழை நாளில் நின்று பார்த்தேன். பாறை ஈரமாகி கறுத்து, வெள்ளிக் கோடு மாதிரி தண்ணீர் வந்தது. கூட வந்த பாட்டி, ‘இது நிக்கிற வரைக்கும் எங்க கெணறு வத்தாது’ என்றார்.

இரண்டு வருடத்தில் சோதனை வந்தது உங்களுக்கே தெரியும். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு நாயக்கர்பட்டி பகுதியில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் ஏலம் முடிந்தது, அதற்குள் இந்தத் தலமும் வந்தது. டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7இல் மேலூர் சனங்கள் மதுரை வரை நடந்தே போனார்கள். ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒரு அறிவிப்பாணை தானாக மலையைக் காப்பாற்றாது, ஆனால் போராடுகிறவர் கையில் அது வலுவான காகிதம். அதற்காகவே அறிவிக்கக் கேளுங்கள் என்பேன். சின்ன இடம் என்றும் யோசிக்காதீர்கள். இரண்டாவதாக 2025இல் அறிவித்த திண்டுக்கல் காசம்பட்டி வீரகோயில் காடு 5 ஹெக்டேர்கூட இல்லை.

பணம்? அந்த 37ஆம் பிரிவே, அறிவிப்பால் பிழைப்பு பாதிக்கப்படுபவர்களுக்கு ஈடு செய்ய மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. 43ஆம் பிரிவு ஊர் அளவில் பல்லுயிர் நிதி ஒன்றை ஏற்படுத்தச் சொல்கிறது. ஆகவே மனு எழுதும்போது, தலமாக அறிவியுங்கள் என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு செயல்படுகிறதா, ஊர்ப் பல்லுயிர் நிதிக்குக் கணக்கு இருக்கிறதா, காவலுக்கும் சுனை சுத்தம் செய்யவும் வருடா வருடம் என்ன வரும் என்று மூன்றையும் அதே மனுவில் கேளுங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் எழுத்தாக ஏற்றுங்கள். அறிவிப்புப் பலகை நட்டதோடு முடிந்துபோன இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் கண்மாயை குடிமராமத்தில் தூர் வாரினார்கள். நன்றாக இருந்தது. இப்போது மறுபடி சீமைக்கருவேலம் மண்டிவிட்டது, மடைப் பலகை உடைந்து கிடக்கிறது. திரும்பத் திரும்ப அரசுப் பணத்துக்குக் காத்திருப்பதுதான் விதியா?
— சிவகங்கை மாவட்டத்து விவசாயி

ஐயா, உங்கள் கேள்வியும் கும்பகோணத்துக்காரர் கேள்வியும் ஒன்றுதான். அங்கே அரச மரம், இங்கே கருவேல மரம்.

2017இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்தார்கள். பிறகு தொகை பெருகியது. ஈரநிலங்களுக்கென்று தனி இயக்கம் வந்தது, 5 வருடத்தில் 100 ஈரநிலம், 115 கோடி. நல்ல காரியங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘குடிமராமத்து’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வருடா வருடம் குடிகள் செய்கிற மராமத்து. ஜேசிபி வந்து பத்து நாளில் வாரிவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஒரு வருடம் அவர்கள் வேலை ஏரியைப் பார்ப்பது. பல ஊர்களில் ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கியிருந்தார்கள். அதன் விளைச்சல் ஏரிக்கு. வருடா வருடம் தூர் அள்ளிக் கரையில் கொட்டுவதற்கென்றே பொன்னை முதலாக வைத்து, வட்டியில் அந்த வேலையைச் செய்யச் சொன்ன கல்வெட்டுகளும் இருக்கின்றன. எங்கே பார்த்தாலும் ஒரே புத்திதான், பாருங்கள். முதலைத் தொடாதே, வரவில் செய்.

என் அம்மா வழித் தாத்தா உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நீர்பாய்ச்சியாக இருந்தார். மழை இரவில் அரிக்கேன் விளக்கோடு, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குக்குப் போவார். கரையில் நண்டு வளை தெரிந்தால் மண்வெட்டியால் ஒரு கொத்து களிமண் அள்ளி, குதிகாலால் மிதித்து அடைப்பார். அந்த மிதியில் எத்தனை உடைப்பு நின்றதோ! அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்த ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கொடுத்தது சேர்ந்து ஒரு வருடச் சோறு. அந்த நெல் நின்ற வருடத்திலிருந்து கண்மாய்க்கு ஆள் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்? 2000ஆம் வருடத்து விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி உங்கள் கண்மாய்க்கு நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கிறதா, தேர்தல் நடந்ததா என்று பாருங்கள். மீன் பாசிக் குத்தகை, கரைமரம், புளி ஏலம் எல்லாம் எந்தக் கணக்குக்குப் போகின்றன என்று கிராம சபையில் கேளுங்கள். கண்மாயில் விளைந்த பணத்தில் ஒரு பங்கு கண்மாய்க்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வண்டல் மண் அள்ள இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை. கோடையில் உங்கள் வயலுக்கு வண்டல், கண்மாய்க்கு ஆழம். கருவேலங்கன்றை முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். இடுப்புக்கு மேல் போனால் இயந்திரம்தான்.

கேள்வி: என் மகள் பாஸ்டனில் இருக்கிறாள். அங்கே வீட்டு வரியோடு சேர்த்து, நிலத்தையும் பழைய கட்டடங்களையும் காப்பாற்ற ஒரு சிறு தொகை கட்டுகிறாளாம். இப்படியெல்லாம் நம் ஊரில் நடக்குமா?
— திருச்சியிலிருந்து ஓர் அப்பா

அது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000ஆம் வருடம் வந்த சட்டம். ஒவ்வொரு ஊரும் வாக்கெடுப்பு நடத்தி, விருப்பமிருந்தால் சொத்து வரியின் மேல் அதிகபட்சம் 3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டுக்கொள்ளலாம். உங்கள் மகள் இருக்கும் பாஸ்டன் 2016இல் வாக்களித்து 1 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டது. ஊர் தன் பங்கைப் போட்டால் மாநிலமும் ஒரு பங்கு போடும். மாநிலத்தின் பங்குக்குப் பணம் பத்திரப்பதிவுக் கட்டணத்திலிருந்து வருகிறது. வரும் நிதியில் திறந்தவெளி நிலத்துக்குக் குறைந்தது 10 சதவீதம், பழைய கட்டடங்களுக்கு 10, எளியவர் வீட்டு வசதிக்கு 10. மீதியை எங்கே செலவழிப்பது என்று ஊரில் உள்ள குழு பரிந்துரைக்கும். 190க்கு மேற்பட்ட ஊர்கள் ஏற்றிருக்கின்றன.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது, நிலம் விற்கிற பதிவிலிருந்தே நிலத்தைக் காக்கும் பணம் எடுப்பது. மனை விற்பனை பெருகுகிற காலத்தில்தான் ஏரியும் தோப்பும் அழியும். அதே காலத்தில்தான் பதிவுக் கட்டணமும் பெருகும். மருந்து தானாகக் கூடிக்கொள்ளும்.

நம் ஊரில் நடக்குமா என்றால், ஏற்கெனவே நடக்கிறது ஐயா, வேறு ஒன்றுக்கு. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் பலன் அது. உங்கள் பேட்டை நூலகத்தில் பேப்பர் படிக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பைசாவில்தான் படிக்கிறார்கள். வசூலான வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்குச் சரியாகக் கொடுப்பதில்லை என்ற மனக்குறை பல காலமாக உண்டு, அதை மறைக்கவில்லை. இருந்தாலும் 75 வருடத்துக்கு மேல் நிற்கிற ஒரு வழி அது. ரூபாய்க்கு ஒரே ஒரு பைசா, அந்தந்த ஊரின் குளம், மண்டபம், சுமைதாங்கிக் கல் பராமரிப்புக்கு என்று வந்தால் நான் முதல் ஆளாகக் கட்டுவேன். புதுக் கட்டுமானத்துக்கு அதைத் தொடக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கேள்வி: பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. இந்த நிலையில் பழைய கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கோடி கோடியாகக் கொட்டுவது சரியா? கோபத்தோடு கேட்கிறேன், மன்னிக்கவும்.
— விழுப்புரத்திலிருந்து ஓர் ஆசிரியர்

மன்னிப்பு எதற்கு சார், கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கைப் பார்ப்போம். மாநிலம் முழுக்க அகழாய்வுக்கு ஒரு வருடத்துக்கு 5 கோடி ரூபாய் என்ற அளவில்தான் ஒதுக்கினார்கள். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் முழுவதற்கும் ஆனது 18.43 கோடி. நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் வரிசையாக நின்று, பானை ஓட்டில் கீறியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை தன் நோட்டில் அந்தக் கீறலை அப்படியே பார்த்து வரைந்துகொண்டாள். அந்தச் செலவும் படிப்புச் செலவுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

பழைய கட்டடம் சும்மா நிற்கும் பொம்மையும் இல்லை. சென்னை சேப்பாக்கத்தில் கலச மகால் என்ற பழைய அரண்மனைக் கட்டடம் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. இடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. பொதுப்பணித்துறை அதை மீட்டுக் கட்டியது. இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. பழுதுபார்க்கும் வேலையில் நான் போட்ட எஸ்டிமேட்டுகளில் பாதிக்கு மேல் கூலி. கொத்தனார், தச்சர், சுண்ணாம்பு அரைக்கும் பெண்கள் என்று பணம் அக்கம்பக்கத்து ஊர்களுக்கே போகும்.

அந்த எஸ்டிமேட்டிலும் வருத்தம் ஒன்று உண்டு. ஒதுக்கீட்டு உத்தரவு டிசம்பரில், ஜனவரியில் கைக்கு வரும். மார்ச் 31க்குள் செலவு காட்ட வேண்டும், இல்லையென்றால் சரண்டர், அதாவது பணம் அரசுக்கே திரும்பிப் போய்விடும். சுண்ணாம்பு ஊறவே வாரக்கணக்கில் ஆகும், ஒரு பூச்சு இறுகித்தான் அடுத்த பூச்சு. மூன்று மாதத்தில் முடி என்றால் ஒப்பந்தக்காரர் சிமெண்ட்டைத்தான் எடுப்பார். எத்தனையோ நல்ல சுவர்கள் மார்ச் மாதத்தால் கெட்டுப்போயின. பழமையான கட்டட வேலைக்கு ஒதுக்கும் பணம் மூன்று வருடம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஒரு பைசா கூடுதலாகத் தராமலே செய்யக்கூடிய சீர்திருத்தம் இது.

உங்கள் பள்ளிக் கூரைக்கு வருகிறேன். அது மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால், தேக்கு உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கியிருப்பார்கள். மொட்டை மாடித் தூம்பில் வேப்பிலை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குகிறதா என்று நாளைக்கே ஆளை ஏற்றிப் பாருங்கள். நான் பார்த்த ஒழுகும் பள்ளிகளில் பெரும்பாலும் ஆரம்பம் அங்கேதான். இலையை அள்ளக் காசு இல்லாமல் விட்டு, கட்டடத்தையே இடிக்க டெண்டர் விட்டதையும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவில் சண்டை வேண்டாம் சார், இரண்டுக்கும் குறை ஒரே இடத்தில் இருக்கிறது.

கேள்வி: சிவில் டிப்ளமோ படிக்கிறேன். பழைய முறைச் சுண்ணாம்பு வேலை கற்றுக்கொள்ள ஆசை. எங்கே போவது?
— திருவண்ணாமலை மாணவி

மாமல்லபுரத்தில் 1957இலிருந்து நடக்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் விசாரித்துப் பாரம்மா. அதற்கு முன், உன் ஊர்ப் பக்கம் எங்கே திருப்பணி நடக்கிறது என்று கேட்டு, லீவு நாளில் அங்குள்ள பெரிய மேஸ்திரியிடம் பத்து நாள் கூட நில். நோட்டு வேண்டாம், கை வேண்டும். கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் எப்போது விழுகிறது, எப்போது ஒட்டி நிற்கிறது என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் கற்கவில்லை.

கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. வேலைக்கு இறங்கும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், நகக்கண் வரை.